ஆப்பிள் ஐபிஎம்மை விட்டு இன்டெலுக்கு மாறியது ஏன்?

கேள்வி: ஐபிஎம் தயாரித்த பவர்பிசி ஜி5 சில்லை 2003இல் பெருமையுடன் அறிமுகப்படுத்திய ஆப்பிள், 2005 ஜூனில் இன்டெலுக்கு மாறுவதாக அறிவித்ததற்கு விலைதான் காரணமா?

மறுமொழி: விலையைவிட வெப்பமே பெரிய காரணம் என்பேன். ஓராண்டுக்குள் 3 கிகாஹெர்ட்ஸ் வேகச் சில்லு வரும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அளித்த வாக்கு நிறைவேறவில்லை, 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர்மேக் மேசைக்கணினிக்கே திரவக் குளிர்விப்பு தேவைப்பட்ட நிலையில், அந்தச் சில்லை மடிக்கணினிக்குள் அடக்க வழியின்றி, பவர்புக் கடைசிவரை பழைய ஜி4 சில்லுடனேயே நின்றுவிட்டது.

மற்றொருவர்: ஒரு வாட் மின்சாரத்துக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்பதையே ஜாப்ஸ் அளவுகோலாக முன்வைத்தார். மேக் ஓஎஸ் எக்ஸ் இயங்குதளத்தை இன்டெலுக்காகவும் உள்ளுக்குள் தயாரித்து வந்ததால்தான், 2006 ஜனவரியிலேயே முதல் இன்டெல் ஐமேக் வெளிவர முடிந்தது.

கேட்டவர்: மிக்க நன்றி. பழைய மென்பொருள்கள் என்னவாயின?

மறுமொழி: பவர்பிசி மென்பொருள்களில் பெரும்பாலானவற்றை, அவற்றின் கட்டளைகளை இன்டெலுக்கு ஏற்ப மாற்றித் தரும் ரொசெட்டா என்ற மென்பொருள் இயக்கியது. ஆனால் முந்தைய இயங்குதளமான மேக் ஓஎஸ் 9 காலத்து மென்பொருள்களுக்கு இன்டெல் மேக்கில் இடமே இல்லை. அவற்றை நம்பித் தொழில் செய்தவர்களுக்கு அது உண்மையான இழப்பு.