மாணவர் சேர்க்கையும் வளாகத் திருட்டும்: ஒட்டுறவுக் கெழுவை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி (தண்டையார்பேட்டை, முதுகலைப் புள்ளியியல் மாணவி):
வணக்கம். அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வெளியிடும் அட்டவணையிலிருந்து 20 பல்கலைக்கழகங்களின் மாணவர் சேர்க்கையையும், அவ்வளாகங்களில் பதிவான சொத்துக் குற்றங்களையும் எடுத்து, பியர்சன் ஒட்டுறவுக் கெழுவைக் (இரண்டு அளவுகள் எவ்வளவு தூரம் சேர்ந்து மாறுகின்றன என்பதை -1 முதல் 1 வரை காட்டும் எண்) கணக்கிட்டேன். கெழு நன்றாக உயர்ந்தே வருகிறது. மாணவர் கூட்டம் பெருகுவதே திருட்டுக்குக் காரணம் என்று முடிவுரையில் எழுதலாமா?

பதில் (ராயபுரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்):
எழுத வேண்டாம் அம்மா. 20 இணைகளுக்கு 5 விழுக்காடு மிகைகாண் நிலையில் (உறவே இல்லாதபோதும் தற்செயலாக உறவு இருப்பதாக முடிவு செய்யும் வாய்ப்பு 5 விழுக்காடு) எல்லை மதிப்பு 0.444, உங்கள் கெழு அதைத் தாண்டியிருந்தால் உறவு இருக்கிறது என்று சொல்லலாம், அதற்கு மேல் அது எதையும் சொல்லாது. நாற்பதாயிரம் பேர் படிக்கும் இடத்தில் மிதிவண்டியும் மடிக்கணினியும் அதிகம். களவு போவதும் அதிகமாகத்தான் இருக்கும். ஆயிரம் மாணவருக்கு எத்தனை குற்றம் என்பதே கேட்கத் தக்க கேள்வி. ஆனால் சேர்க்கையால் வகுத்துக் கிடைத்த வீதத்தை மறுபடி சேர்க்கையோடு ஒப்பிட்டால், பொதுவான வகு எண்ணே ஒரு போலி உறவை உண்டாக்கிவிடும். இதை, இந்தக் கெழுவுக்குப் பெயர் தந்த பியர்சனே 1897-இல் எச்சரித்திருக்கிறார். ஆகவே குற்ற எண்ணிக்கை, சேர்க்கை இரண்டுக்கும் மடக்கை (log) எடுத்து, தொடர்புப்போக்குக் கோட்டின் (புள்ளிகளுக்கு மிகவும் ஒட்டிச் செல்லும் கோடு) சாய்வைப் பாருங்கள். சாய்வு 1-ஐ ஒட்டியிருந்தால் திருட்டு மாணவர் தொகைக்கு ஏற்ற அளவில்தான் கூடுகிறது; 1-ஐத் தெளிவாகத் தாண்டினால் மட்டுமே பெரிய வளாகத்தில் தனியாக ஏதோ நடக்கிறது என்று தேடத் தொடங்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒவ்வொரு பல்கலைக்கழகத்தையும் ஒரு புள்ளியாகக் குறித்துச் சிதறல் படத்தை வரையுங்கள்.

பதில் (வியாசர்பாடி):
ஐயா சொன்னதோடு, எதை எண்ணியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள் தங்கச்சி. 1990-இல் வந்த, வளாகக் குற்றக் கணக்கை வெளியிடச் சொல்லும் அமெரிக்காவின் கிளெரி சட்டத்தின்படி கல்லூரிகள் வெளியிடும் கணக்கில் பூட்டை உடைத்துப் புகுந்த திருட்டும் வாகனத் திருட்டும் உண்டு. நூலக மேசையில் வைத்த கைப்பேசியை எடுத்துப்போவது போன்ற சாதாரணத் திருட்டு பொதுவாக அதில் வராது, எஃப்.பி.ஐ. அட்டவணையில் வரும். இரண்டையும் கலக்காதீர்கள்.

சேர்க்கை எண்ணும் அப்படித்தான். நம் சென்னை அரசுக் கலைக் கல்லூரிகளில் இரண்டு ஷிப்டு நடக்கும் இடத்தில், பதிவேட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வளாகத்தில் இருப்பதில்லை. கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் வண்டியை விட்டுவிட்டு ரயிலேறிப் போகும் மாணவனின் வண்டி அங்கே திருடு போனால், அது எந்தக் கல்லூரியின் கணக்கிலும் ஏறாது. விடுதியிலோ இரவு பகலாகப் பொருளும் ஆளும் இருக்கும். அதனால் விடுதி மாணவர் எண்ணிக்கை கிடைத்தால் தனி மாறியாகச் சேர்த்து, பகுதி ஒட்டுறவைக் (அந்த மாறியின் தாக்கத்தை நீக்கிய பின் மிஞ்சும் உறவு) கணக்கிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. படம் வரைந்தேன், மிகப் பெரிய ஒரு பல்கலைக்கழகம் வலது மூலையில் தனித்து நிற்கிறது. அதைச் சேர்த்தும் நீக்கியும் பியர்சன் கெழுவையும், மதிப்புகளுக்குப் பதில் அவற்றின் தர வரிசையை ஒப்பிடும் ஸ்பியர்மேன் தர ஒட்டுறவையும் கணக்கிட்டு இங்கேயே இடுகிறேன்.