‘மினிமம் டியூ’ என்பதற்கு ‘வாய்தாத் தொகை’: ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளையோருக்காக நாம் அமைத்துவரும் வரவு செலவுச் செயலியின் சொற்பட்டியலில், கடன் அட்டைப் பகுதிக்குரிய சொற்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. ‘மினிமம் டியூ’, அதாவது கெடுவுக்குள் குறைந்தது இவ்வளவாவது கட்ட வேண்டும் என்று மாதப் பட்டியலில் வங்கி காட்டும் தொகை, ஒன்றுதான் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. ‘குறைந்தபட்ச நிலுவை’, ‘குறைந்தபட்சம் செலுத்த வேண்டிய தொகை’, ‘சிறுமத் தொகை’ ஆகிய மூன்றும் இதுவரை முன்வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றையும் ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இந்த ஒரு சொல் தவறாக அமைந்தால் செயலியின் மற்ற திரைகள் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை என்று கருதுகிறேன்.

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் முதல் வேலையில் சேர்ந்த சில மாதங்களில் கடன் அட்டை வாங்கினான். இருபதாயிரம் ரூபாய்க்கு ஒரு கைப்பேசி வாங்கிவிட்டு, அதன் பிறகு அட்டையைத் தொடவே இல்லை. மாதந்தோறும் வந்த பட்டியலில் பெரிய எழுத்தில் இருந்த ‘குறைந்தபட்சத் தொகை’யை ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டிவந்தான். ஆறு மாதத்தில் அவன் கட்டியது ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. கடனோ பதினெட்டாயிரத்துக்கு மேலேயே நின்றது. பட்டியலை என்னிடம் நீட்டி, “மினிமம் கட்டிட்டேனே மாமா, அப்புறம் எப்படி இவ்வளவு பாக்கி?” என்று கேட்டான். கணக்குப் போடத் தெரியாத பிள்ளை இல்லை அவன், பொறியியல் படித்தவன். அவனைத் தவறான வழியில் திருப்பியது அந்தச் சொல்தான்.

தமிழில் ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லை நாம் எங்கெல்லாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் 100க்கு 35. ஆட்டோவில் குறைந்தபட்சக் கட்டணம். கூலிக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். இவை எல்லாவற்றிலும் அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் காரியம் முடிந்துவிடுகிறது. 35 எடுத்தவனும் தேர்ச்சிதான். மீதி 65 மதிப்பெண்ணுக்கு யாரும் அவனிடம் வட்டி கேட்பதில்லை. அந்த நினைவோடு வளர்ந்த ஒருவருக்குக் ‘குறைந்தபட்சத் தொகை ரூ.1,000’ என்று காட்டினால், ஆயிரம் கட்டினால் இந்த மாதம் ‘பாஸ்’ என்றுதான் மனம் படிக்கும். ‘சிறுமம்’ என்பது இயற்பியல் பாடநூலில் பொருத்தமான சொல், ஆனால் இங்கே அது அதே பொருளைப் புரியாத வடிவில் சொல்கிறது. ‘நிலுவை’யும் சரியில்லை. கெடு தாண்டியும் கட்டாமல் தங்கிவிட்டதையே நிலுவை என்கிறோம். பட்டியல் வந்த அன்றே அது நிலுவை ஆகிவிடாது.

இனி அந்தத் தொகை உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இருபதாயிரம் கடனுக்குப் பொதுவாக ஐந்து விழுக்காடு, அதாவது ஆயிரம் ரூபாய், கேட்கப்படுகிறது. அதைக் கட்டினால் மீதி 19,000. நம் ஊரில் பல அட்டைகளில் காணப்படும் மாதம் 3.5 விழுக்காடு வட்டியை வைத்தால் 665 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி ஏறத்தாழ 120 ரூபாய். அடுத்த மாதம் கடன் 19,785 ஆகிவிடுகிறது. ஆயிரம் ரூபாய் கொடுத்து 215 ரூபாய்க் கடனைத்தான் குறைத்திருக்கிறோம். இதுவும் எளிமையாக்கிய கணக்குதான். முழுத் தொகையையும் கட்டாதபோது பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். புதிதாக வாங்குபவற்றுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது.

அதே வேளையில், அந்த ஆயிரம் வீண் என்றும் சொல்லக் கூடாது. அதைக் கட்டியதால் தாமதக் கட்டணம் இல்லை. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களிடம் ‘கட்டத் தவறியவர்’ என்ற பதிவும் போகாது. 300 முதல் 900 வரை போகும் அந்தக் கடன் மதிப்பெண், வருங்காலத்தில் வீட்டுக் கடன் கேட்கும் இளைஞருக்கு மிகவும் முக்கியம். கையில் பணமே இல்லாத மாதத்தில் அவர் செய்ய வேண்டிய சரியான செயலும் அந்த ஆயிரத்தைக் கட்டுவதுதான். ஆகவே பயமுறுத்தும் சொல்லும் நமக்கு வேண்டாம். ‘வட்டிப் பொறி’ என்று முன்பு ஒருவர் எழுதியதை இந்தக் காரணத்தாலேயே நான் ஏற்கவில்லை.

கடன் தீரவில்லை, ஆனால் கெடு தள்ளிப்போனது, தள்ளிப்போனதற்கு ஒரு விலையும் உண்டு. இந்த மூன்றையும் ஒன்றாகச் சொல்லும் சொல் தமிழர் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் ‘வாய்தா’. வழக்குக்கு வாய்தா வாங்கிவிட்டு வருபவரிடம் “தீர்ப்பு ஆயிற்றா?” என்று யாரும் கேட்பதில்லை. வழக்கு அப்படியே இருக்கிறது என்பதும், இன்னொரு நாள் போய் நிற்க வேண்டும் என்பதும், வக்கீலுக்கு மறுபடியும் காசு என்பதும் கேட்பவருக்குத் தெரியும். கடன் கொடுத்தவரிடம் “இன்னும் ஒரு மாதம் வாய்தா கொடுங்கள்” என்று கேட்பதும் வழக்கில் உண்டு. எனவே ‘வாய்தாத் தொகை’ என்பதே என் பரிந்துரை. முழுத் தொகை கட்டினால் கடன் தீரும். வாய்தாத் தொகை கட்டினால் வாய்தா கிடைக்கும். விளக்கக் குறிப்பு எதுவும் இல்லாமலேயே இந்த வேறுபாடு விளங்கிவிடுகிறது.

இது தமிழ்ச் சொல் அல்ல, உருதுவின் வழியாக வந்த அரபுச் சொல் என்ற மறுப்பு வரும் என்று அறிவேன். தூய சொல் கிடைத்தால் முதலில் மகிழ்பவன் நானே. ‘கெடு நீட்டிப்புத் தொகை’ என்பதை நானே எழுதிப் பார்த்தேன். பொருள் சரி, ஆனால் அலுவலகச் சுற்றறிக்கையின் வாடை அதில் வீசுகிறது. ஆறு அங்குலத் திரையில் பொத்தானுக்குள்ளும் அடங்கவில்லை. பணம் பற்றிய நம் பேச்சில் பாக்கி, வசூல், ஜாமீன் எல்லாமே அந்த வழியில் வந்து ஊன்றியவைதான். சேமிப்புப் பகுதியில் நாம் செய்ததையும் நினைவூட்டுகிறேன். ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி, செலவுக்கான இருப்பில் காட்டாமல் மறைத்துவைக்கும் வசதிக்கு ‘சேமிப்புக் கொள்கலன்’ வரை போய்விட்டு, கடைசியில் ‘சிறுவாடு’ என்பதில் வந்து நின்றோம். பாட்டி அரிசிப் பானைக்குள் மறைத்துவைத்த பணம் வீட்டுச் செலவுக் கணக்கில் ஏறாது என்பது அந்தச் சொல்லிலேயே இருந்ததால்தான் அது உடனே ஒட்டிக்கொண்டது. வாய்தாவும் அத்தகையதே.

இலங்கை நண்பர்களின் கருத்தை மட்டும் தனியே கேட்க விரும்புகிறேன். அங்கே வழக்கு ‘தவணையிடப்படுகிறது’; வாய்தா என்ற சொல் அங்கு அவ்வளவாகப் புழங்குவதில்லை. ‘தவணை’யை எடுத்துக்கொண்டால் மாதத் தவணையோடு குழம்பும். இரு நாடுகளுக்கும் தனித்தனி மொழிக் கோப்பு வைத்திருப்பதால், இலங்கைக் கோப்பில் வேறு சொல் வருவதில் எனக்குத் தடையில்லை.

திரையைப் பற்றியும் ஒரு சொல். குறைந்த தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும், கூட்டு வட்டியும் ஏறும் என்ற எச்சரிக்கை பட்டியலில் இடம்பெற வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கியின் கடன் அட்டை நெறிமுறைகள் சொல்கின்றன. என் அக்கா மகனின் பட்டியலிலும் அது இருந்தது. நான்காம் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில். நம் செயலியில் அந்தச் செய்தி பொத்தானுக்கு நேர் கீழே, அவரவர் கணக்கில் உள்ள எண்ணோடு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிப் பார்த்த வாசகங்கள் இவை:

முழுத் தொகை ரூ.20,000
கட்டினால் கடன் தீரும். வட்டி இல்லை.

வாய்தாத் தொகை ரூ.1,000
கட்டினால் தாமதக் கட்டணம் இல்லை. மீதி ரூ.19,000க்கு வட்டி ஓடும். அடுத்த மாதம் சுமார் ரூ.19,785 கட்ட வேண்டியிருக்கும்.

இந்த இரண்டையும் தாளில் எழுதி அக்கா மகனிடமும் அவனுடைய அறைத்தோழர்கள் இருவரிடமும் காட்டினேன். மூவரும் ‘வாய்தா’வுக்குப் பொருள் கேட்கவில்லை. ஒருவர் மட்டும், ஆயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் இடையில் ஐயாயிரம் கட்டினால் என்ன ஆகும் என்று கேட்டார். வாசகத்தில் அதற்கு இன்னும் இடமில்லை. தொகையை விரலால் நகர்த்த நகர்த்த அடுத்த மாதக் கடன் மாறிக் காட்டுமாறு வடிவமைப்புக் குழுவினர் செய்ய முடியுமா என்று தெரிந்தால், அதற்கேற்ற வாசகத்தையும் எழுதி அனுப்புகிறேன்.