ப்ராபப்ளின்னா வருமா வராதா?

நைட்ஷிஃப்ட்வாசி:
அமெரிக்க க்ளையன்ட் மெயில்ல "இட் வில் ப்ராபப்ளி பீ ரெடி பை ஃப்ரைடே"ன்னு போட்டிருக்கார். எங்க லீட் சந்தேகம்தான், டெஸ்டிங்குக்கு ஆள் ஒதுக்காதேங்கறார், பக்கத்து சீட்டுக்காரி வந்துடும்ங்கறா. யார் சொல்றது சரி? அப்படியே இந்த வார்த்தைய வாக்கியத்துல எங்க வைக்கணும்னும் சொல்லுங்கப்பா.

தயிர்சாதம்:
பக்கத்து சீட்டு பக்கம்தான் என் ஓட்டு. ப்ராபப்ளின்னா அநேகமா, பாதிக்கு நல்லாவே மேல. உங்க லீட் அதை மேபீ, பெர்ஹாப்ஸ் மாதிரி படிக்கிறார், அதெல்லாம் ஒருவேளை கேஸ். "மாமா வந்தாலும் வருவாரு"ன்னா யாரும் கூடுதலா அரிசி போட மாட்டாங்க, "அநேகமா வந்துடுவாரு"ன்னா போட்டுடுவாங்கல்ல, அவ்ளோதான்.

கிராமர்கிறுக்கன்:
இடம் சிம்பிள். மெயின் வெர்புக்கு முன்னாடி (ஷீ ப்ராபப்ளி நோஸ்), வில், இஸ் மாதிரி வந்தா அதுக்குப் பின்னாடி (ஹீ இஸ் ப்ராபப்ளி அட் ஹோம்). நெகட்டிவ்லதான் நம்மாளுங்க வழுக்குவாங்க, "ப்ராபப்ளி வோன்ட் கம்"தான் சரி, "வோன்ட் ப்ராபப்ளி கம்" காதுக்கு உறுத்தும். "வில் லைக்லி கம்"ங்கறது அமெரிக்க வழக்கம், பிரிட்டிஷ்காரங்க பல பேர் லைக்லிய அப்படி தனியா விடாம முன்னாடி வெரியோ மோஸ்ட்டோ சேர்ப்பாங்க.

பழையபேப்பர்:
இந்தச் சண்டை சிஐஏ வரைக்கும் போயிருக்கு தெரியுமா. 1951ல சோவியத் கூட்டம் யூகோஸ்லாவியா மேல பாயறதுக்கு "சீரியஸ் பாசிபிலிட்டி" இருக்குன்னு ஒரு அறிக்கை, அதைத் தயாரிச்ச குழுல இருந்த ஷெர்மன் கென்ட் மனசுல இருந்தது 65க்கு 35, அதாவது பாயறதுக்கு 65 சதவீதம், படிச்ச அதிகாரி ரொம்பக் கம்மியா நினைச்சிருக்கார், சரின்னு கூட எழுதினவங்களையே கேட்டா ஆளுக்கு ஒண்ணு, 20 சதவீதத்துலேர்ந்து 80 வரைக்கும்! எல்லாரும் ஒண்ணா கையெழுத்துப் போட்ட அறிக்கை அது. 1964ல அவர் எழுதின கட்டுரைல ப்ராபபிள்னா சுமார் 75ன்னு வச்சார். இப்போ ஐ.நா.வோட காலநிலைக் குழு ஐபிசிசி போடற அறிக்கைல லைக்லின்னா 66க்கு மேல, வெரி லைக்லின்னா 90க்கு மேலன்னு அவங்களே அட்டவணை போட்டுடறாங்க.

நைட்ஷிஃப்ட்வாசி:
அப்போ ஃப்ரைடேக்கு 75ன்னு எடுத்துக்கலாமா?

பழையபேப்பர்:
க்ளையன்ட் என்ன கென்ட் கட்டுரை படிச்சுட்டா மெயில் எழுதறார்... "கேன் வீ ப்ளான் ஆன் ஃப்ரைடே?"ன்னு ஒரு வரி தட்டி விடுங்க. அவர் எஸ் சொன்னா ஆள் போடுங்க.

தயிர்சாதம்:
சந்தடி சாக்குல இன்னொண்ணு. "யூ ஷுட் ப்ராபப்ளி செக் திஸ்"னு மேனேஜர் எழுதினா அதுல அநேகமாவும் கிடையாது ஒண்ணும் கிடையாது, மரியாதையா சொல்ற ஆர்டர் அது, உடனே போய் செக் பண்ணிடுங்க.