மும்பையில் நீங்கள் நேரில் பார்த்த சாட்சி யார்?

தாராவியிலிருந்து:

எங்கள் சபையில் ஆராதனை முடியும் நேரத்தில் "யாராவது சாட்சி சொல்லுங்கள்" என்று மைக்கை நீட்டுவார்கள். கடவுள் நமக்குச் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் சொல்வதுதான் சாட்சி. நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். வேலை கிடைத்தது, காய்ச்சல் விட்டது, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது. எல்லாமே உண்மைதான். ஆனால் சாட்சி என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வருவது, மைக்கைக் கண்டாலே பின்வரிசைக்குப் போய்விடும் ஒரு அக்கா.

எங்கள் சாலில் (ஒட்டி ஒட்டி இருக்கும் வரிசை வீடுகள்) மூன்றாவது வீடு. ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். கணவர் தோல் பட்டறையில் வேலை. அக்கா விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து இட்லி அவித்து, சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு மாஹிம், மாட்டுங்கா பக்கம் விற்கப் போகிறவர்களுக்குக் கொடுப்பார். அதோடு ஒரு குலுக்கல் சீட்டும் பிடித்தார். இருபது பேர், மாதம் ஆயிரம் ரூபாய், இருபது மாதம். 2005 ஜனவரியில் ஆரம்பித்தது. அப்போது நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது படித்தேன். அக்காவுக்கு எழுத்து அவ்வளவாக வராது என்பதால் நோட்டு எழுதுவது என் வேலை.

பிப்ரவரி குலுக்கலில் சீட்டு எடுத்தவர் மே வரை ஒழுங்காகக் கட்டினார். ஜூனில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. இன்னும் பதினைந்து மாதம், பதினைந்தாயிரம் ரூபாய் பாக்கி. இந்த மாதிரி நேரத்தில் சேர்ந்தவர்களைக் கூப்பிட்டு நஷ்டத்தைப் பங்கு போடச் சொல்வதுதான் நான் பார்த்த வழக்கம். அக்கா யாரையும் கூப்பிடவில்லை. அந்த மாதமும் அந்த ஆள் பேருக்கு நேராக "வந்தது" என்று எழுதச் சொன்னார்.

"அது பொய் இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, பணம் வந்துச்சா இல்லையா? யாரு கையில இருந்து வந்துச்சுன்னு கேக்க நோட்டுல கட்டம் இருக்கா? எழுது."

சில நாள் கழித்து அக்கா காதில் தோடு இல்லை. நகை போடக்கூடாது என்று சொல்லும் சபைகள் எங்கள் பக்கத்திலும் உண்டு. அப்படி ஏதாவது ஒன்றுக்கு மாறிவிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து எழுதும்போதுதான் கவனித்தேன். காது ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க, இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தார். தோடு அடகுக் கடைக்குப் போயிருந்தது.

அப்புறம் ஜூலை 26. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது அன்றைக்குத்தான். மதியத்துக்கு மேல் பிடித்த மழையில் எங்கள் சாலில் இடுப்பளவு தண்ணீர். அரிசி, உளுந்து, கிரைண்டர் எல்லாம் முழுகின. தண்ணீர் வடிந்தபின் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் சீட்டு நோட்டு கூழாகிக் கிடந்தது. யார் எத்தனை மாதம் கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி, எதற்கும் அத்தாட்சி இல்லை.

அந்த வாரமே ஒவ்வொருவராக வந்தார்கள். நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. "நான் ஆறு மாசம் கட்டியிருக்கேன், இந்த மாசம் இன்னும் தரலை, எழுதிக்கோ." எதிர்வீட்டு முஸ்லிம் பாபி (இந்தியில் அண்ணி) சுவர் காலண்டரையே கழற்றிக்கொண்டு வந்தார், கட்டிய தேதிகளை வட்டம் போட்டு வைத்திருந்தார். புது நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினேன். ஒரு ரூபாய் இடிக்கவில்லை.

அந்த ஆள் ஓடிப்போனது எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். எட்டடிச் சந்தில் எது மறையும்? எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அக்கா எப்போது பங்கு கேட்டு வருவார் என்று காத்திருந்திருக்கிறார்கள். பாபிதான் என்னிடம் இந்தியில் சொன்னார்: "உன் அக்கா காதைப் பார்த்த பிறகு நாங்கள் எப்படிப் பொய்க் கணக்குச் சொல்ல முடியும்?"

மத்தேயு ஐந்தாம் அதிகாரம் உங்கள் வெளிச்சம் மனுஷர் முன்பாகப் பிரகாசிக்கட்டும் என்கிறது. அடுத்த அதிகாரமே வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்கிறது. சின்ன வயதில் இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று குழம்பியிருக்கிறேன். பாபி சொன்ன அன்றைக்கு அந்தக் குழப்பம் போனது.

உங்களுக்கும் இப்படி யாராவது இருப்பார்கள். எழுதுங்கள்.

செம்பூரிலிருந்து:

நான் சைவக் குடும்பம். இங்கே எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். அப்பா பக்கவாதத்தில் விழுந்து நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். காலை டியூட்டியில் நாகர்கோவில் பக்கத்து சிஸ்டர் ஒருவர், கழுத்தில் சின்னச் சிலுவை. அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிட்டு, தலைமாட்டில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தினமும் அவரே பூசிவிடுவார். அப்பாவால் கையைத் தூக்க முடியாது. "நீங்க இதைச் செய்யலாமா சிஸ்டர்?" என்று ஒரு நாள் கேட்டேன். "அப்பா கண்ணு அந்தப் பொட்டலத்தையே தேடுது தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அப்பா இப்போது இல்லை. இன்றும் புதன்கிழமை மாஹிம் சர்ச் வழியாகப் போகும்போது, நொவேனா ஜெபத்துக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால் அந்த சிஸ்டருக்காக ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

மீரா ரோட்டிலிருந்து:

எனக்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு சின்னக் கம்பெனியில் திங்கட்கிழமை தோறும் முதலாளி ஜெபம் நடத்துவார், எல்லாருக்கும் துண்டுப் பிரசுரம் கொடுப்பார். இரண்டு மாதச் சம்பளம் மட்டும் கொடுக்கவில்லை. கேட்டால் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பார். கூட வேலை செய்த இரண்டு மராத்திப் பையன்கள் அந்தப் பிரசுரத்தைக் கசக்கிப் போட்டதைப் பார்த்தேன். விசுவாசியான எனக்கு அது பெரிய வலி, ஆனால் அவர்கள் மேல் கோபப்பட முடியவில்லை.

செம்பூர் நண்பருக்கு: எங்கள் சபையில் திருநீறு பூசிவிட்டதைச் சிலர் ஏற்கமாட்டார்கள். எனக்கும் முதலில் லேசாக உறுத்தியது. பிறகு லூக்கா பத்தாம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டிய சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த சிஸ்டர் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது.

தாராவி சகோதரிக்கு ஒரு கேள்வி. அந்த அக்கா கடைசி வரைக்கும் சபையில் சாட்சி சொல்லவே இல்லையா?

தாராவியிலிருந்து:

ஒரே ஒரு தடவை சொன்னார். சீட்டு 2006 ஆகஸ்டில் முடிந்து, கடைசி ஆளுக்கும் முழு இருபதாயிரம் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த வருஷம் டிசம்பர் 31 இரவு ஆராதனையில், ஐயர் (எங்கள் சபைப் போதகர்) பேர் சொல்லிக் கூப்பிட்டதால் எழுந்தார். முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு, "இந்த வருஷம் யாருக்கும் கடன் இல்லாம முடிஞ்சுது, ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.