தலையில் வெள்ளைப் புள்ளி இல்லாத குஞ்சு சேவலாகுமா?

வணக்கம் நண்பர்களே. வீட்டுத் தேவைக்குத்தான் கோழி வளர்க்கிறோம். எங்களிடம் கறுப்பில் வெள்ளை வரி போட்ட பெட்டை ஒன்று உண்டு. அதைச் சிவப்புச் சேவலோடு சேர்த்து அடை வைத்ததில் குஞ்சுகள் எல்லாம் கறுப்பாகவே பொரித்தன. சிலவற்றுக்கு உச்சந்தலையில் வெள்ளைப் புள்ளி இருந்தது, சிலவற்றுக்கு இல்லை.

புள்ளி இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை என்பது கணக்கு. வரிக்கான மரபணுவைத் தாய் தன் ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே கொடுக்கும். தாய்க்கு வரி இருந்து, தகப்பனுக்கு இல்லாதபோதுதான் இது பலிக்கும். வரிச் சேவலைச் சேர்த்தால் புள்ளியை வைத்துப் பிரிக்க முடியாது.

இப்போது ஆறு வாரம் ஆகிறது. புள்ளி இருந்தவற்றுக்கு வரி இறகு வந்துவிட்டது, சரி. ஆனால் புள்ளியே இல்லாத ஒரு கறுப்புக் குஞ்சுக்குக் கொண்டை சிவந்து, கால் தடித்து, அசல் சேவல் மாதிரியே நிற்கிறது! அதே கூடையில் எங்கள் கறுப்புப் பெட்டையும் புகுந்து முட்டையிட்டிருக்கலாம் என்று சந்தேகம். அப்படியானால் புள்ளிக் கணக்கு அதற்குப் பொருந்தாது. இடுப்பில் கூர்மையான இறகு வரும்வரை காத்திருக்க வேண்டுமா, இப்போதே சொல்ல வழி உண்டா?

அப்புறம் இன்னொன்று. பழுப்புச் சிறுவிடைக் குஞ்சுகளில் நெஞ்சில் கறுப்பு இறகு முளைப்பதைச் சேவல் என்று எடுத்துக்கொள்ளலாமா? பக்கத்து வீட்டு அக்கா பெட்டைக் குஞ்சுகளாகப் பார்த்துக் கேட்டிருக்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், படம் வேண்டுமென்றால் போடுகிறேன்.