கூலன்ட் மாத்தின பிறகும் சூடேறுற வண்டி: பார்த்தவங்க எழுதுங்க

ஸ்பேனர்12:
பழைய கூலன்ட்டை (இன்ஜின் சூட்டை இழுக்கிற திரவம்) ரேடியேட்டர் அடியில இருக்கிற டிரெயின் காக் வழியா இறக்கி, புதுசை ரேடியேட்டர் வாய் வரைக்கும் ஊத்தின ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக். ஐடில்ல ஓடுது. மேல் ஹோஸ் தொட முடியாத சூடு, கீழ் ஹோஸ் சில்லுனு இருக்கு, ஃபேன் சுத்தல. ஹீட்டரை முழுச் சூட்டுல வெச்சா சாதாக் காத்துதான் வருது. ஆனா மீட்டர் முள் பாதிக்குக் கீழேயே படுத்திருக்கு! சென்ஸர் முனை கூலன்ட்ல முங்கி இருந்தாத்தான் சரியாச் சொல்லும். காத்து அடைச்ச இடத்துல மாட்டிக்கிட்டா, இன்ஜினோட மேல்பகுதியான ஹெட் கொதிச்சாலும் முள் ஏறாது. அதே சென்ஸரை நம்புற ஃபேனும் வராது. ஆஃப் பண்ணி, நல்லா ஆறவிட்டு, மூடியைத் திறந்து மேல் ஹோஸை அமுக்கினதும் 'குளுக்'னு ஒரு சத்தம். மட்டம் சரசரன்னு இறங்கி, முக்கால் லிட்டர் கிட்ட மறுபடி குடிச்சுது.

கொங்கு டீசல்:
கீழ் ஹோஸ் சில்லுனு இருந்ததை வெச்சு ஏர்லாக்னு, அதாவது உள்ளே காத்து அடைச்சிருக்குனு, சொல்லாதீங்க. ரேடியேட்டர் பக்கம் கூலன்ட்டை விடுற வால்வான தெர்மோஸ்டாட் பொதுவா 82-88 டிகிரியிலதான் திறக்கும், அதுவரைக்கும் அந்த ஹோஸ் அப்படித்தான் இருக்கும். ஹீட்டர்ல சூடு வராததுதான் உண்மையான சாட்சி. தெர்மோஸ்டாட்டைக் கழட்டி மாட்டியிருந்தா, அதுல ஆடுற குட்டி வால்வு மேல்பக்கம் பார்த்து இருக்கான்னும் பாருங்க. கீழே திருப்பி மாட்டினா காத்து வெளியேற வழியில்ல.

போர்வெல் எதிரி:
ஏர்லாக் எல்லாம் அன்னிக்கே தெரிஞ்சிடும். தெரியாம அரிக்கிறது அளவுக் கணக்கு. 4 லிட்டர் பிடிக்கிற சிஸ்டம், டிரெயின் காக்ல இறங்கினது இரண்டரை. மீதி ஒன்றரை இன்ஜின் பிளாக்கிலயும் ஹீட்டருக்குள்ள இருக்கிற குட்டி ரேடியேட்டர்லயும் (ஹீட்டர் கோர்) நிக்குது. தண்ணி விட்டு அலசினதால அந்த ஒன்றரையும் வெறும் தண்ணி. அதுமேல பாதிக்குப் பாதி தண்ணி கலந்தே வர்ற 50:50 ரெடிமிக்ஸ் இரண்டரை லிட்டர். கலவையோட அடர்த்தி காட்டுற ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு வெச்சுப் பார்த்தா 30 சதவீதத்தை ஒட்டித்தான் கோடு நிக்குது. கேன்ல 50னு எழுதியிருந்து என்ன பிரயோஜனம்? அலசின வண்டிக்கு தண்ணி கலக்காத கான்சென்ட்ரேட் வாங்குங்க. முதல்ல 2 லிட்டர் அது, அப்புறம் மட்டம் வர்ற வரைக்கும் டிஸ்டில்டு வாட்டர். அலசுறதுக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான். போர்வெல் தண்ணி உள்ளே சுண்ணாம்பாப் படியும்.

"நம்ம ஊர்ல எங்க உறையுது, தண்ணியே போதும்"னு யாராவது வருவீங்க. உறையறதுக்காக இல்ல. துரு பிடிக்காம இருக்கவும், கொதிநிலை ஏறவும்தான். அப்புறம், கலரைப் பார்த்துக் கலக்காதீங்க. பச்சை, சிவப்புக்கெல்லாம் பொது விதி கிடையாது. மேனுவல்ல போட்டிருக்கிற வகைதான் கணக்கு.

நைட் டிரைவ்:
ரிசர்வ் டேங்க் மேக்ஸ் கோடு வரைக்கும் நிறைஞ்சிருக்கு, மூடியைத் திறந்தா ரேடியேட்டர் பாதி காலி. இதைத்தான் மறக்க முடியல. மூடியில ரெண்டு வால்வு. சூட்டுல அழுத்தம் ஏறினா ஒண்ணு டேங்குக்குத் தள்ளும், ஆறும்போது நடுவுல இருக்கிற குட்டி வால்வு திரும்ப உறிஞ்சும். அது ஒட்டிக்கிட்டாலோ, டேங்குக்குப் போற சின்ன டியூப் வெடிச்சிருந்தாலோ, தள்ளுறது மட்டும் நடக்கும்.

காத்தை வெளியேத்துற முறையை, கேட்காட்டியும் சொல்லிடறேன். முன் சக்கரத்தை மேடேத்தி நிறுத்துங்க, ரேடியேட்டர் வாய்தான் உசரமா இருக்கணும். ஹீட்டர் முழுச் சூடு. காத்து விடுற பிளீட் ஸ்குரூ இருந்தா லூஸ் பண்ணி, குமிழி இல்லாம ஒழுகினதும் மூடுங்க. மெதுவா ஊத்தி, ஆறின இன்ஜினை மூடி திறந்த நிலையில ஸ்டார்ட் பண்ணி, மட்டம் இறங்க இறங்க நிரப்புங்க. கொதிச்சு மேலே வர ஆரம்பிச்சா மூடிடுங்க. ஃபேன் ரெண்டு தடவை வந்து நின்ன பிறகும் குமிழி விடாம வருதுன்னா அது ஏர்லாக் இல்ல, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல சீலா இருக்கிற ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்க. மறுநாள் காலை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து ஒரு தடவை மட்டம் பாருங்க. சூட்டுல திறந்தா முகம் வெந்துடும். பழசை பேசின்ல திறந்து வைக்காதீங்க. இனிப்பா இருக்கும், நாய் நக்கினா செத்துடும்.

கொங்கு டீசல்:
மேலே சொன்ன மூடிக் கதை எல்லா வண்டிக்கும் இல்லங்க. ரேடியேட்டர்ல மூடியே இல்லாம, பிளாஸ்டிக் எக்ஸ்பேன்ஷன் டேங்கில திருகு மூடி இருக்கிற வண்டிகள்ல அந்த டேங்கே அழுத்தத்துல ஓடுது. மேக்ஸுக்கு மேல நிரப்பினா விரிய இடமில்லாம மூடி வழியா கக்கும்.