கண்ணசைவு சிகிச்சைக்கு மாறலாமா?

கேள்வி:
ஆறு வருடமாகப் பேச்சுவழிச் சிகிச்சை அளிக்கிறேன். விபத்தில் தப்பிய சிலர் மாதக்கணக்கில் வந்தும் அந்த ராத்திரியிலேயே நிற்கிறார்கள். இ.எம்.டி.ஆர். பயிற்சி எடுக்கலாமா? அதாவது, கலங்கவைக்கும் நினைவை மனதில் வைத்தபடி, சிகிச்சையாளர் ஆட்டும் விரலைக் கண்ணால் பின்தொடரவைக்கும் சிகிச்சை. 'சீக்கிரம் பலன்' என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

பதில் 1:
விரலை ஆட்டினால் வலி போகுமா என்று சிரித்தவன் நான். 1987இல் ஃபிரான்சீன் ஷாப்பிரோ என்ற அமெரிக்க உளவியலாளருக்குப் பூங்காவில் நடக்கும்போது தோன்றிய யோசனை இது என்றதும் இன்னும் சிரித்தேன். ஆனால் 2013இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்திருக்கிறது, சரி, போய்ப் பார்ப்போம் என்று சேர்ந்தேன்.

பயிற்சியில் நாமே சிகிச்சை பெறுபவர் இடத்தில் உட்கார வேண்டும். சிறு வயதில் நாய் துரத்திய நினைவை எடுத்தேன். 0 முதல் 10 வரை தொந்தரவு எவ்வளவு என்றார்கள். 7 என்றேன். நாலைந்து சுற்றுக் கண்ணசைவுக்குப் பிறகு 2. நாய் மறக்கவில்லை, படபடப்புதான் இல்லை. அப்புறம்தான் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் தொடர்ந்தேன்.

பதில் 2:
இந்தச் சிகிச்சையின் எட்டுக் கட்டங்களில் முதல் இரண்டும் வரலாறு கேட்பதும் ஆளைத் தயார்ப்படுத்துவதும்தான். அவசரப்பட்டு அதைத் தாண்டி, ஒருவரைக் கலங்கடித்து அனுப்பியிருக்கிறேன். கண்ணசைவுதான் வேலை செய்கிறதா என்ற வாதமும் இன்னும் ஓயவில்லை.

கேள்வி கேட்டவர்:
மேற்பார்வை எத்தனை மாதம் எடுத்தீர்கள்?

பதில் 1:
ஒன்பது. இன்னமும் சிக்கலானவர்கள் வந்தால் போய்க் கேட்கிறேன்.